சவரிமுத்துவின் வெள்ளைத் திராட்சையும் அன்னம்மா மேடத்தின் நாக்கும்

பச்சை மிளகாயைக் காம்பு கிள்ளும்போது ஒரு வாசம் எழும். காரம் அல்ல, காரம் பிறகு வருவது. அதற்கு முந்தி, கிள்ளிய இடத்திலிருந்து ஈரமாக, பச்சையாக, கொஞ்சம் திமிராக ஒன்று எட்டிப் பார்க்கும். ஒரு காய்ச்சலுக்குப் பிறகு நெடுநாளாக என் மூக்குக்கு எதுவும் எட்டாமல் இருந்தது. சாம்பார் வெந்நீராகி, மல்லிகை வெறும் வெள்ளைப் பொருளாகிக் கிடந்த காலம். போன வாரம் அல்லிநகரத்து வீட்டில் என் மனைவி சட்னிக்கு மிளகாய் கிள்ளினாள். நான் முன்னறையில் இருந்து கத்தினேன்.

"சாவிஞான் பிளாங்!"

"யாரு வந்திருக்காக?" என்றாள் அவள், திரும்பாமலே.

யாரும் வரவில்லை. அது ஒரு வெள்ளைத் திராட்சையின் பெயர், மூக்குதான் வந்திருந்தது. அது போனதால்தான் நான் வயதுக்கு முன்னாலேயே வேலையை விட்டேன். ஒயின் ஆலையில் மூக்கில்லாத லேப் உதவியாளர் என்பவர் காது கேட்காத நாதஸ்வரக்காரர் மாதிரி. ஊதலாம், கூட்டம் தாங்காது. என்னைக் கேட்டில் உட்காரச் சொன்னார்கள். நான் வீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள்: "அண்ணே, நம்ம பள்ளத்தாக்குல எங்க பாத்தாலும் கறுப்புப் பன்னீர் திராட்சைதான். அதுக்கு நடுவுல இந்த வெள்ளை எப்படிண்ணே வந்துச்சு? டூரிஸ்ட் கேக்குறாக, எங்களுக்குச் சொல்லத் தெரியல." சொல்கிறேன். ஆனால் நான் சொன்னால் அதில் அன்னம்மா மேடம் வருவார், சவரிமுத்து வருவார், மழை வரும். டூரிஸ்டுக்கு எது வேண்டுமோ அதை நீங்கள் வடிகட்டிக் கொள்ளுங்கள்.

நான் படித்தது வேதியியல். பிழைத்தது போடியில், ஏலக்காய்க் கடையில். காயை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து, இது இந்த மலை, அது அந்த மலை என்று பிரிக்கிற வேலை. அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கில் புதிதாக வந்த ஒயின் ஆலைக்கு என்னை என் மூக்கு இழுத்துப் போனது. சில வருடங்கள் பன்னீர் திராட்சையில் இனிப்பான சிவப்பு ஒயின் செய்தோம். அது தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். நிறமும் இனிப்பும் போர்வை மாதிரி மூடிவிடும். பிறகு கோட்டயத்திலிருந்து அன்னம்மா மேடம் வந்து சேர்ந்தார்.

என்னைவிட பத்து வயது இளையவர். வெளிநாட்டில் ஒயின் படித்தவர். வந்த அன்றைக்கே, "இவிடே வெள்ளை செய்யலாம்" என்றார். முதலாளி, "யாரு குடிப்பாக?" என்றார். "செய்து வச்சால் குடிப்பார்" என்றார் மேடம். அவ்வளவுதான் திட்ட அறிக்கை.

அவருடைய சட்டங்கள் எளிமையானவை, கொடுமையானவை. லேபுக்குள் மல்லிகைப்பூ கூடாது, ஜவ்வாது கூடாது, தலைவலித் தைலம் கூடாது, பீடி குடித்த வாயோடு கதவைத் தாண்டக் கூடாது. காலைப் பலகாரம் செரித்து மதியச் சாப்பாட்டுக்குப் பசி எடுக்கும் இடைவெளியில்தான் ருசி பார்க்க வேண்டும். அப்போதுதான் நாக்கு நேர்மையாக இருக்கும் என்பார். கிளாஸின் தண்டைப் பிடிக்க வேண்டும், வயிற்றைப் பிடித்தால் சூடேறிவிடும். முதலில் குட்டியாக ஒரு முகர்வு. பிறகு கண்ணை மூடிக் காத்திருப்பார். அப்புறம்தான் நீளமான இரண்டாவது முகர்வு. வாயில் ஒரு மடக்கு எடுத்து, உதட்டைக் குவித்துக் காற்றை உறிஞ்சுவார். கொர்ரென்று சத்தம் வரும். எங்கள் வீடுகளில் ரசத்தை அப்படிக் குடித்தால் கரண்டி பறக்கும். கடைசியில் பக்கெட்டில் துப்புவார், ஒரு சொட்டுச் சிதறாமல்.

துப்புவதைத்தான் எங்கள் ஆட்களால் தாங்க முடியவில்லை. சாறு பிழியும் பிரஸ் இயந்திரம் ஓட்டிய பாண்டி நேராகவே கேட்டான். "துப்புறதுக்கு எதுக்கு மேடம் இம்புட்டுப் பாடுபட்டுச் செய்யணும்?"

"விழுங்கினால் ரெண்டாவது கிளாஸ் நல்லாயிருக்கும், பாண்டி. மூணாவது அதைவிட நல்லாயிருக்கும். எல்லா ஒயினும் நல்லாயிருந்தால் நமக்கு எந்தா வேலை?"

பாடம் நடத்த வெளிநாட்டு வெள்ளைகளை வரவழைத்தார். ஜெர்மனியின் ஆற்றங்கரை ரீஸ்லிங்கை ஊற்றி, "பேடிக்காமல், பயப்படாமல் சொல்லு, எந்தா வாசம்?" என்றார். பாண்டி முகர்ந்து, தயங்கி, "ரேசன் கடையில சீமெண்ணெய் ஊத்துற டின்னு மேடம்" என்றான். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். மேடம் மேசையில் ஓங்கித் தட்டினார். "கரெக்ட்! பழைய ரீஸ்லிங்கில் அதுதான் வரும்!" அன்று முழுக்கப் பாண்டியின் நடையே வேறாக இருந்தது.

அதன் பிறகு வாய்கள் திறந்தன. பிரான்சின் குளிர்ப் பக்கத்து ஷார்டனே மழையில் நனைந்த அம்மிக்கல்லானது. அதே ஷார்டனேயை மரப் பீப்பாயில் போட்டால், முருங்கை இலை போடுவதற்கு முந்தைய நிமிடம் வெண்ணெய் உருகும் அடுப்படி. வியோனியே, கல்யாண மண்டபத்தில் பன்னீர் தெளிக்கும் வாசல். சாவிஞான் பிளாங், மிளகாய் கிள்ளிய விரல். கெட்டுப்போனவற்றுக்கும் பெயர் வைத்தோம். நொதிக்க வைக்கிற ஈஸ்டுக்குத் தீனி போதாமல் கந்தக நாற்றம் எடுத்த டேங்குக்கு, பூண்டு மண்டிக்குப் பேர்போன ஊரின் பெயர். "மேடம், மூணாவது டேங்க் வடுகபட்டி!" என்று ஒருவர் கத்தினால் போதும், மேடம் ஓடிவருவார்.

ஷெனின் பிளாங் வந்த நாள்தான் எனக்குப் பிடித்த நாள். இரண்டு கிளாஸ். ஒன்று பிரான்சில் லுவார் ஆற்றங்கரையிலிருந்து வந்தது. ஈரக் கம்பளி, பச்சை ஆப்பிள், பல் கூசும் புளிப்பு. மற்றது தென்னாப்பிரிக்கா. கொய்யா, அன்னாசி, வெயில். "ரெண்டும் ஒரே கொடி" என்றார் மேடம். அங்கே குளிர், கொடி தன் புளிப்பை விடாமல் பிடித்துக்கொள்கிறது. இங்கே வெயில், புளிப்பைச் செலவழித்துச் சர்க்கரை வாங்குகிறது. ஓர் ஊரின் வானிலையை வாயில் வைத்துப் பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அன்று குறிப்பு எழுதும் வேலை என்னுடையது. எழுதினேன்: "மழைக்கு முந்தின புழுக்கத்தில் ஒரு கொய்யா மரம். அதன் நிழலில் யாரோ அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள்."

மேடம் படித்தார். "ஆரு அழுதது?"

"தெரியாது மேடம். ஒரு உணர்வு."

"உணர்வு வேண்டா, முருகேசன். கொய்யா மதி." அவர் மலையாளத்தில் மதி என்றால் போதும்.

இனி எந்த ரகம் இங்கே பிழைக்கும் என்று பார்க்க வேண்டும். ஆலைக்குப் பின்னால் சோதனை வரிசைகள் வைத்தோம். ரீஸ்லிங் தை மாத வெயிலிலேயே தோல் கருகிப் படுத்தது. ஷார்டனே ஆளைப் பார்த்துக் காய்த்தது. சாவிஞான் மலையடிவாரத்தில் மட்டும் வாசத்தைக் காப்பாற்றிக்கொண்டது. ஷெனின் மட்டும் எது நடந்தாலும் புளிப்பை முழுசாக விட்டுக்கொடுக்கவில்லை. "இவள் மதி" என்றார் மேடம். விவசாயிகளுக்கு நாற்றுக் கொடுத்து, பழத்தை ஆலை வாங்கிக்கொள்ளும் என்று ஒப்பந்தம் போட்டோம்.

இங்கேதான் சவரிமுத்து வருகிறார். பொட்டிப்புரம் பக்கம் தோட்டம். பன்னீர் திராட்சையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவர் ஒரு கொத்தைத் தூக்கிக் காட்டினால் பின்னால் நிற்பவரின் முகம் மறைந்துவிடும். அப்படிப்பட்ட மனிதர், மேடத்தின் பேச்சில் மயங்கி, காய்க்கிற பந்தலைப் பிரித்துவிட்டு ஷெனின் வைத்தார். அதுவும் பந்தலில் இல்லை. மேடம் சொன்னபடி வரிசை வரிசையாகக் கம்பி கட்டி, இடுப்பளவில் கொடியேற்றி.

ஊர் பார்த்தது. "சவரி துணி காயப்போடக் கம்பி கட்டிருக்கான்" என்றது. காய் பிடித்தபோது இன்னும் மோசம். ஒயின் திராட்சை சிறிதாகத்தான் இருக்கும். கொத்து, மூடிய முஷ்டி அளவு.

அவருடைய மச்சினர் இன்னாசி, தன் தங்கச்சியும் சவரிமுத்துவின் மனைவியுமான லூர்துமேரியை நடுவில் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒரு வாக்கு வாங்கினார். "இந்த அறுப்புல கம்பெனி எடுத்துச்சுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன் மச்சான். எடுக்கலைன்னா கொடிய வேரோட பிடுங்கி வாழை வைக்கிறோம். சரியா?" சவரிமுத்து சரி என்றுவிட்டார். ஆக, அந்த ஒரு அறுப்பில் நின்றது அவருடைய தோட்டம்.

அறுப்புக்கு முன்னால் மேடமும் நானும் பழம் பார்க்கப் போனோம். மேடம் பழம் பார்ப்பதற்கென்று ஒரு முறை உண்டு. கண்ணுக்கு அழகாகத் தெரிகிற பழத்தைப் பறிக்க மாட்டார். கண் ஏமாற்றும் என்பார். வேறெங்கோ பார்த்துக்கொண்டே கையை விட்டு, கொத்தின் தோளிலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, வாலிலிருந்து ஒன்று எடுப்பார். வெயில் பக்கமும் நிழல் பக்கமும் மாறி மாறி. பையில் போட்டுக் கையால் நசுக்கி, ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு வெயிலைப் பார்த்தால், எவ்வளவு சர்க்கரை என்று உள்ளே கோடு காட்டும். எங்கள் ஆட்கள் அதற்கு வைத்த பெயர் பைனாகுலர். பிறகு விதையைக் கடிப்பார். மொறுமொறுவென்று உடைந்தால் பழுத்தது, பச்சையாக இழுத்தால் இல்லை.

அன்று கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பிக் கொத்தைப் பார்த்தார்.

"எந்தா சவரி சேட்டா இது?"

"திராட்சை மேடம்."

"அது எனக்கும் தெரியும். ஷெனின் கொத்து முஷ்டி மாதிரி இருக்கணும். இது விரிச்ச கை மாதிரி இருக்கு."

காம்பு நீண்டு, பழங்கள் ஒன்றையொன்று தொடாமல், சொல்வதற்கென்ன, ஜம்மென்று தொங்கின.

"நல்ல எரு மேடம். கொடி சந்தோசமா இருக்கு" என்றார் சவரிமுத்து, வானத்தைப் பார்த்து.

அந்த நேரம் பார்த்து லூர்துமேரி மோர் கொண்டுவந்தார். "குடிங்க மேடம். இவுகளுக்கு மட்டும் குடுக்காதீக. கொத்து கொத்தா மக்குல முக்கி, ஆட்டி, சொட்டு வடிய விட்டு என் இடுப்பையே ஒடிச்சுட்டாக. பந்தலா இருந்தா நின்னுக்கிட்டுச் செய்யலாம். இந்தக் கம்பிக்கு அடியில தவந்துல்ல போனேன்!"

யாரும் மோரைக் குடிக்கவில்லை.

"அது வேப்பெண்ணெய்" என்றார் சவரிமுத்து மெல்ல.

"வேப்பெண்ணெயா? நீகதான கம்பத்துல போயி ஜி.ஏ. பொடி வாங்கியாந்தீக?"

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். சாப்பிடுகிற திராட்சைக்குப் பள்ளத்தாக்கில் செய்கிற வேலை அது. அந்த வளர்ச்சி ஊக்கிப் பொடியைக் கரைத்து, மக்கில் எடுத்து, ஒவ்வொரு பிஞ்சுக் கொத்தையும் முக்கி எடுத்தால் காம்பு நீளும், பழம் பெருக்கும். எங்கள் ஊரில் அது தப்பில்லை, சாமர்த்தியம். ஒப்பந்தத்தில் மட்டும் அது கூடாது என்று எழுதியிருந்தது.

கோபம் வந்தால் அன்னம்மா மேடம் மெதுவாகப் பேசுவார். பைனாகுலரின் மூடியை மூடிவிட்டு, மிக மெதுவாகக் கேட்டார். "எதுக்கு, சேட்டா?"

"டீக்கடையில உக்கார முடியல மேடம். 'சவரி, சுண்டக்கா என்ன வெல?'ங்கிறாக. கோயில்ல முட்டி போட்டா பின்னால சிரிக்கிறாக. கொஞ்சூண்டு பெருசானா யாருக்கு என்ன நட்டம்?"

"ருசிக்கு நட்டம். ருசி தோலுக்கு அடியிலே. பழம் பெருத்தால் உள்ளே தண்ணி. நான் சாறு கேட்டேன், சேட்டன் தண்ணிக்குடம் வளர்த்து வச்சிருக்கு." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "முருகேசன், இந்தத் தோட்டம் எடுக்க முடியாது."

சவரிமுத்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், உதறினார், மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார். இன்னாசி எங்கேயோ வாழைக்கன்றுக்குச் சொல்லிவைத்திருப்பது அந்த உதறலில் எனக்குக் கேட்டது.

ஜீப்பில் வரும்போது மேடம், "பாவம்" என்றார்.

"அப்ப எடுத்துக்கலாமே மேடம்."

"பாவம்னு பாட்டிலில் எழுதி ஒட்ட முடியுமா?"

பிறகு மழை வந்தது. மாசியில் வரக்கூடாத மழை, வழி தப்பி வந்த கல்யாண வேன் மாதிரி, மேளத்தோடு வந்து இறங்கியது. நின்றதும் மேடமும் நானும் தோட்டம் தோட்டமாக ஓடினோம். ஒப்பந்தம் மீறாத நல்ல விவசாயிகள், நல்ல முஷ்டிகள். வெளியே பார்த்தால் மழையில் குளித்த பிள்ளைகள் போல மினுமினுத்தன. மேடம் ஒரு கொத்தைப் பிளந்தார். உள்ளே சாம்பல் பூஞ்சை. நெருக்கிக்கொண்டிருந்த பழங்களுக்கு நடுவே தண்ணீர் தங்கி, காற்றுப் புகாமல், உள்ளிருந்தே அழுகிக்கொண்டிருந்தது. காடி வாசத்துக்கு ஈக்கள் வந்துவிட்டன. அடுத்த தோட்டமும் அப்படி. அதற்கடுத்ததும்.

மேடம் ஜீப்பில் ஏறி, தன் கையை முஷ்டியாக மூடிப் பார்த்தார். விரித்தார். மறுபடி மூடினார். மறுபடி விரித்தார்.

"முருகேசன், வண்டியைத் திருப்பு. பொட்டிப்புரம்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்து வாசலில் வாழைக்கன்றுகள் குவிந்திருந்தன. கடப்பாரைகளோடு ஆட்கள். ஒரு கன்றைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு இன்னாசி. முதல் வரிசையின் கம்பிக்கு அடியில், சம்மணம் போட்டு, எழுந்திருக்க மாட்டேன் என்று சவரிமுத்து.

மேடம் யாரையும் பார்க்காமல் வரிசைக்குள் போனார். ஒரு கொத்தைப் பிளந்தார். காய்ந்திருந்தது. இன்னொன்று, அதுவும் உள்ளே ஈரம் தங்காமல் காய்ந்திருந்தது. பழங்களுக்கு நடுவே காற்று ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. பைனாகுலர் பார்த்தார், சர்க்கரை குறைவு. கடித்தார், முகம் சுளித்தார். "புளிப்பு உண்டு" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை.

இன்னாசி வழிமறித்தார். "மேடம், வேணாம்னு சொன்னது நீகதான?"

"ஆமா."

"இப்ப வேணுமா?"

"ஆமா."

"ஏன்?"

"அழுகல."

கம்பிக்கு அடியிலிருந்து சவரிமுத்து தலையை நீட்டினார். "அப்ப நான் செஞ்சது சரிதான மேடம்?"

"தப்பு."

"பழம் நல்லாருக்குல்ல?"

"நல்லாயிருக்கு."

"அப்ப சரிதான?"

"தப்பு, சேட்டா! செய்தது தப்பு. மழை வந்து அந்தத் தப்பை ரட்சிச்சு. எல்லா வருஷமும் மழை வந்து சேட்டனுக்குச் சாட்சி சொல்லுமா? மருந்து முக்கின கொடியில் அடுத்த வருஷம் பூவும் குறையும், பார்த்துக்கோ." மூச்சு வாங்கிக்கொண்டார். "நாளைக்கு விடியும்போது அறுக்கணும். கூடை வேண்டா, பிளாஸ்டிக் கிரேட் அனுப்பறேன்."

இன்னாசி இடுப்பிலிருந்த கன்றைப் பார்த்தார். "அப்ப இதெல்லாம் என்ன செய்ய?"

"ஓடக்கரையில வைங்கண்ணே" என்றார் லூர்துமேரி. "நல்லா வரும்."

விடியும் முன்னேயே வெட்டத் தொடங்கினோம், பழத்தில் குளிர் இருக்கும்போதே. வெயில் ஏறுவதற்குள் கிரேட்டுகள் ஆலைக்கு வந்துவிட்டன. வெள்ளைக்குத் தோல் எதிரி. சிவப்புக்குப் போலத் தோலோடு ஊறவிட்டால் கசப்பு இறங்கும், நிறம் கெடும். அதனால் வந்த உடனே பிரஸ். பாண்டி, பால் கறப்பவன் மாதிரி, கொஞ்சமாக அழுத்தி, விட்டு, அழுத்தி, விட்டு ஓட்டினான். முதலில் வடிகிற சாறு இளநீர் மாதிரி இருக்கும். கடைசி அழுத்தில் வருவது பழுப்பாக, துவர்ப்பாக வரும். மேடம் குழாயடியில் நின்று நாக்கில் விட்டு விட்டு, "மதி" என்ற நொடியில் பாண்டி நிறுத்த வேண்டும். சாற்றைக் குளிரூட்டி அசையாமல் வைத்தால் கசடு அடியில் தங்கும். தெளிந்ததை மட்டும் வேறு டேங்குக்கு மாற்றி, ஈஸ்டைக் கரைத்துவிட்டு, குளிரிலேயே மெதுவாக நொதிக்கவிட்டோம். காதை டேங்கில் வைத்தால், தூரத்தில் யாரோ எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் போடுகிற சத்தம். வாரக் கணக்கில் அந்த அப்பளம் பொரிந்தது. ஒரு நாள் நின்றது.

சவரிமுத்துவை ருசி பார்க்க அழைத்தோம். வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த ஒயின் பூசையில் பாதிரியார் கையில் இருப்பது மட்டும்தான். கிளாஸை இரண்டு கையாலும் வாங்கினார். மேடம் முகர்வதற்கும் உறிஞ்சுவதற்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு, பக்கெட்டைக் காட்டி, "துப்பணும் சேட்டா" என்றார். சவரிமுத்து பக்கெட்டைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டு விழுங்கிவிட்டார்.

"எப்படி?"

"எலுமிச்சங்கா ஊறுகா ஜாடி கழுவுன தண்ணி மாதிரி இருக்கு மேடம்." உதட்டை நக்கினார். "ஆனா இன்னுங் கொஞ்சம் குடுங்க."

மேடம் சிரித்தார். பிறகு கண்ணை மூடி நீளமாக முகர்ந்தார். "மெலிஞ்ச ஒயின். ஆனால் சுத்தம். வெயில் ஊரில் இப்படிப் புளிப்பு கிட்டாது. குளிர்ப் பக்கத்து ஷெனின் நம்மளைப் பார்க்க வந்த மாதிரி இருக்கு." என் குறிப்பை வாங்கிப் படித்தார். கொய்யா, எலுமிச்சை இலை, மழை என்று எழுதியிருந்தேன். பேனாவை மழையின் மேல் கொண்டுபோனார். நிறுத்தினார். அடிக்காமல் மூடி வைத்தார்.

அந்த வருடம் ஆலை விற்ற முதல் வெள்ளை அதுதான். கொஞ்சம்தான் இருந்தது, ஆனாலும் போனது. முதலாளி மறுபடி, "யாரு குடிப்பாக?" என்று கேட்கவில்லை. டூரிஸ்டுக்கு இவ்வளவு போதும். எனக்குப் போதவில்லை, அதனால் கேட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

மேடமும் நானும் சவரிமுத்துவை வழியனுப்பக் கேட் வரை நடந்தோம். அவர் டிவிஎஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார்.

"தோட்டம் நிக்கும்ல மேடம்?"

"நிக்கும். அடுத்த அறுப்பும் நமக்குத்தான். ஆனால் மருந்தில் முக்கக் கூடாது. இலையைக் கிள்ளிக் காத்து விடலாம், எப்படின்னு நான் வந்து காட்டறேன். சத்தியம்?"

"மாதா மேல சத்தியம் மேடம். முக்க மாட்டேன்."

வண்டியை உதைத்துக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போனார். திரும்பி வந்தார். இன்ஜினை அணைக்காமல், மேடத்தைப் பார்க்காமல், ஹாண்டில்பாரைப் பார்த்துச் சொன்னார்.

"ரோட்டோரம் ஒரே ஒரு வரிசை மட்டும் முக்கிக்கிறேன் மேடம். உங்களுக்கு இல்ல. போறவுக வர்றவுக பாக்க."

மேடம் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

"சேட்டா, அதை எங்கிட்ட சொல்லாமல் செய்யணும்" என்றார் மேடம். "இப்போ போ."